தொட்டியின் அடியை யார் பார்க்கிறோம்?

(பட்டாபிராமில் நடந்த கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



காலையிலிருந்து கடன் தவணை, வங்கி இணைப்பு, தணிக்கை என்று பேசிப் பேசிக் களைத்துப் போயிருக்கிறீர்கள். நான் கணக்கு எதுவும் பேசப் போவதில்லை. ஒரு பாட்டில் கொண்டு வந்திருக்கிறேன். இதைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

முன் வரிசையில் இருக்கிற அக்கா, இந்தத் தண்ணீர் எப்படி இருக்கிறது? "கண்ணாடி மாதிரி இருக்கு மேடம்" என்கிறீர்கள். சரி. இப்போது பாட்டிலை ஒரு குலுக்குக் குலுக்குங்கள். என்ன ஆச்சு? டீ மாதிரி ஆகிவிட்டது. இது சாக்கடைத் தண்ணீர் இல்லை. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இருக்கிற சிண்டெக்ஸ் தொட்டியின் அடியில் இருந்து இன்று காலை எடுத்தது. இந்தத் தொட்டித் தண்ணீரில்தான் நான் பல் தேய்த்தேன், பாத்திரம் கழுவினேன், குழந்தையைக் குளிப்பாட்டினேன்.

இப்போது ஒரு கேள்வி. உங்கள் வீட்டுத் தொட்டியையோ, டிரம்மையோ, சம்ப்பையோ கடைசியாக அடி வரைக்கும் எப்போது கழுவினீர்கள்? இந்த மாதம் கழுவியவர்கள் கை தூக்குங்கள். நாலு பேர். இந்த வருஷம்? இன்னும் பத்துப் பேர். மற்றவர்கள் சிரிக்கிறீர்கள். வெட்கப்பட வேண்டாம். பயிற்சி கொடுக்கிற நானே உங்கள் கட்சிதான் என்று பாட்டில் சொல்லிவிட்டதே.

இந்த மண் எங்கிருந்து வருகிறது?

நம் பக்கத்துத் தண்ணீர் பல வழியில் வருகிறது. போர் தண்ணீர், குழாய்த் தண்ணீர், கோடையில் லாரித் தண்ணீர். ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஏதாவது கொண்டு வரும். போர் தண்ணீரில் மணல் வரும். இரும்புச் சத்து கலந்திருந்தால் வரும்போது தெளிவாக இருக்கும், காற்றுப் பட்டதும் செம்பழுப்பாக மாறி அடியில் படியும். அதில் பிளீச்சிங் பவுடர் போட்டால் இன்னும் சீக்கிரம் பழுப்பாகும். "பவுடர் சரியில்லை" என்று கடைக்காரரோடு சண்டை போட வேண்டாம். அது இரும்பு.

லாரித் தண்ணீரில் கிணற்று வண்டலும் வரும், லாரித் தொட்டியின் துருவும் வரும். குழாய் உடைந்து சரி செய்த பிறகு முதலில் வருகிற தண்ணீரில் மண் வரும். மூடி சரியாக இல்லாத தொட்டியில் தூசி, இலை, பல்லி, புறா எச்சம் எல்லாம் விழும். எல்லாம் கடைசியில் போய்ச் சேருகிற இடம் ஒன்றுதான், அடி.

கணக்கு பேச மாட்டேன் என்று சொன்னேன், ஒரே ஒரு சின்னக் கணக்கு மட்டும். ஆறடி நீளம், ஐந்தடி அகலம் உள்ள ஒரு சம்ப்பின் அடியில் ஓர் அங்குலம் சேறு படிந்திருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். அது எவ்வளவு தெரியுமா? சுமார் 70 லிட்டர். பதினைந்து லிட்டர் குடத்தால் அளந்தால் நாலரைக் குடம் சேறு. அதன் மேல்தான் நம் தண்ணீர் நிற்கிறது.

தெளிந்தது வேறு, சுத்தம் வேறு

நம் பாட்டிமார்கள் கலங்கின தண்ணீரைத் தெளிய வைக்கத் தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் தேய்ப்பார்கள். இதே மாதிரி ஒரு மரத்து விதையைப் போட்டுக் கலங்கிய நீரைத் தெளிய வைப்பதைக் கலித்தொகையிலேயே சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவு பழைய அறிவு நம்முடையது. ஆனால் பாட்டி அதோடு விடவில்லை. மேல் தண்ணீரை மெதுவாக வேறு பானைக்கு இறுத்துவிட்டு, அடி மண்டியைக் கொட்டிப் பானையைக் கழுவிக் கவிழ்த்தாள். தெளிய வைப்பது பாதி வேலை. அடியை வெளியேற்றுவது மீதிப் பாதி. நாம் முதல் பாதியைத் தொட்டியிடம் விட்டுவிட்டோம், இரண்டாவது பாதியை மறந்துவிட்டோம்.

பெரிய நிலையங்களிலும் இதே வேலைதான். செம்பரம்பாக்கத்தில் 2007 முதல் ஒரு நாளைக்கு 53 கோடி லிட்டர் சுத்தம் செய்யும் நிலையம் இருக்கிறது. 2017 கோடையில் மாங்காடு பக்கம் சிக்கராயபுரம் கல்குவாரித் தண்ணீரைக்கூட அங்கே கொண்டு போய்ச் சுத்தம் செய்து சென்னைக்குக் கொடுத்தார்கள். இப்படிப்பட்ட நிலையங்களில் படிகாரம் போட்டு அழுக்கைப் படிய விடுவார்கள். படிந்த சேற்றை அடிவழியாகவே வெளியே தள்ளுவார்கள். பிறகு மணல் வடிகட்டி, அதற்குப் பிறகுதான் குளோரின். இந்த வரிசையைக் கவனியுங்கள். குளோரின் கடைசியில்.

நாம் என்ன செய்கிறோம்? சேற்றை அப்படியே விட்டுவிட்டு மேலே பிளீச்சிங் பவுடர் தூவுகிறோம். சேற்றின் மேல் போடுகிற மருந்து சேற்றுக்கே போய்விடும். கிருமிக்கு மிஞ்சாது. சேற்றுக்குள் இருக்கிற கிருமி குடை பிடித்த மாதிரி தப்பித்துக் கொள்ளும். மோட்டார் போடும்போது அடி கலங்கி, அதே கிருமி குழாய்க்கு வரும். வயிற்றுப்போக்கு என்று ஒரு குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், அந்த மாதச் சந்தாவும் தவணையும் எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியும். நம் குழுக்களில் உள்கடன் கேட்டு வருகிற காரணங்களில் வைத்தியச் செலவு எத்தனை முறை வருகிறது என்று உங்கள் தீர்மானப் புத்தகத்தையே புரட்டிப் பாருங்கள்.

கொசு விஷயமும் சொல்ல வேண்டும். டெங்கு பரப்பும் கொசு சாக்கடையில் முட்டை போடாது. நம் டிரம், தொட்டி மாதிரி நல்ல தண்ணீரில்தான் போடும். அதுவும் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, சுவரில் ஒட்டிப் போடும். அந்த முட்டை காய்ந்தாலும் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் பட்டால் பொரிக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, சுவரைத் தேய்க்க வேண்டும். முட்டையில் இருந்து கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம், பத்து நாள் ஆகும். டிரம்மை வாரம் ஒரு முறை தேய்த்துக் காய வையுங்கள் என்று சுகாதாரப் பணியாளர்கள் சொல்வது இதனால்தான்.

டிரம், மாடித் தொட்டி: குழாய் போட்டு அடியை எடுப்பது

தொட்டியைக் காலி செய்யத் தண்ணீர்ப் பஞ்சத்தில் மனசு வராது. ஆயிரம் லிட்டரையும் கொட்டாமல் அடி மண்ணை மட்டும் எடுக்க முடியுமா? முடியும். ஒரு ஓஸ் பைப், ஒரு நீளக் குச்சி, கொஞ்சம் கயிறு, பொறுமை. இது போதும்.

இந்த வேலை உங்களுக்குப் புதுசு இல்லை. ரேஷன் அரிசியைக் கல் போக அரிக்கிறோமே, அதே அறிவு. பாத்திரத்தை நிதானமாக அசைத்தால் அரிசி மேலே வரும், கல் அடியில் தங்கும். அவசரப்பட்டால் இரண்டும் கலந்துவிடும்.

முதலில், இரவு மோட்டாரையும், தொட்டிக்குத் தண்ணீர் வருகிற வால்வையும் நிறுத்திவிடுங்கள். விடியும் வரை தண்ணீர் அசையாமல் இருக்கட்டும். மண் நன்றாக அடியில் உட்கார்ந்துவிடும். காலையில் யாரும் குழாய் திறப்பதற்கு முன் வேலையை ஆரம்பியுங்கள்.

ஓஸ் பைப்பின் ஒரு முனையைச் சாய்வாக வெட்டுங்கள். நேராக வெட்டினால் முனை அடியில் அப்பிக்கொண்டு இழுக்காது. அந்த முனையைக் குச்சியின் நுனியோடு கட்டுங்கள். பைப் முழுக்கக் குழாய்த் தண்ணீரை நிரப்பி, இரண்டு பக்கமும் கட்டைவிரலால் அடைத்துக் கொள்ளுங்கள். வாயால் உறிஞ்ச வேண்டாம், அந்த அழுக்கு நேராக வயிற்றுக்குப் போகும். குச்சி கட்டிய முனையைத் தொட்டிக்குள் மெதுவாக அடி வரை விடுங்கள். இன்னொரு முனையைத் தொட்டியின் அடியைவிடத் தாழ்வான இடத்துக்கு இறக்கி விரலை எடுங்கள். மோட்டார் இல்லாமலே தண்ணீர் இழுத்துக்கொண்டு வரும். வெளிமுனை எவ்வளவு தாழ்வோ, அவ்வளவு வேகம்.

இப்போது குச்சியை எறும்பு ஊர்வது போல நகர்த்துங்கள். ஓரத்தில் ஆரம்பித்து நடுவுக்கு வாருங்கள். கலங்கினால் நிறுத்தி, கால் மணி நேரம் விட்டு மறுபடி செய்யுங்கள். கீழே வருகிற தண்ணீரை வாளியில் பிடியுங்கள். மண் படிந்த பிறகு மேல் தண்ணீர் செடிக்கு, வாசல் தெளிக்க ஆகும். ஒரு சொட்டும் வீணில்லை.

வட்ட டிரம்முக்கு ஒரு சுலப வழி உண்டு. குச்சியால் தண்ணீரை ஒரே பக்கமாக நாலு சுற்று சுற்றிவிட்டு நிறுத்துங்கள். சுழல் அடங்கும்போது மண் எல்லாம் நடுவில் குவியும். டம்ளரில் டீத்தூள் நடுவில் சேருவதைப் பார்த்திருப்பீர்கள். அது ஏன் என்று 1926-ல் ஐன்ஸ்டீனே ஒரு கட்டுரை எழுதி விளக்கினார். குவிந்த இடத்தில் பைப்பை வைத்தால் ஒரே இழுப்பில் வேலை முடிந்தது.

இது மாதா மாதம் செய்கிற வேலை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை தொட்டியை முழுசாகக் கழுவ வேண்டும். தண்ணீர் நாலு விரல் உயரம் வரும் வரை செலவு செய்துவிட்டு, வீட்டுக்குப் போகும் வால்வை மூடுங்கள். இல்லாவிட்டால் அழுக்கு குழாயெல்லாம் போய் அடைக்கும். நீளக் கைப்பிடி உள்ள நைலான் பிரஷ்ஷால் சுவரையும் அடியையும் தேயுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம், கீறல் விழுந்தால் அந்தக் கீறலில்தான் பாசி பிடிக்கும். சோப்புத்தூளும் வேண்டாம். மிச்சத்தை மக்கால் மொண்டு, பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். "சின்னப் பையன்தான் வாய்க்குள் நுழைவான்" என்று பிள்ளைகளைத் தொட்டிக்குள் இறக்காதீர்கள். தொட்டி மூடி மேல் ஏறி நிற்காதீர்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியில் தனியாக இந்த வேலை செய்யாதீர்கள்.

சம்ப்புக்குள் யாரும் இறங்க வேண்டாம்

இப்போது சொல்லப் போவதற்காகத்தான் இன்று பேசவே வந்தேன்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆவடி, பட்டாபிராம், பூந்தமல்லி பக்கம் பல தெருக்களில் தண்ணீர் நின்றது. எங்கள் வீட்டுச் சம்ப்பிலும் தெருத் தண்ணீர் புகுந்துவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகு மோட்டார் போட்டு இறைத்தோம். அடியில் கணுக்கால் அளவு கறுப்புச் சேறு. என் தம்பி, "நான் இறங்கி வழிச்சிடறேன் அக்கா" என்றான். ஏணி வைத்தோம். பிளீச்சிங் பவுடர் பாக்கெட்டை அவன் கையில் கொடுத்தது நான்தான். சமூகப்பணி படித்தவள், ஊர் ஊராகச் சுகாதாரம் பேசுகிறவள், நான்தான் கொடுத்தேன்.

சேற்றின் மேல் பவுடரைத் தூவினான். கொஞ்ச நேரத்தில், "கண்ணு எரியுது... மூச்சு முட்டுது" என்று குரல் வந்தது. ஏணியில் இரண்டு படி ஏறினான், மூன்றாவது படியில் கை நழுவியது. பக்கத்து வீட்டு அண்ணன் குப்புறப் படுத்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். இன்னும் இரண்டு பேர் வந்து தூக்கினார்கள். ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். பிழைத்துவிட்டான். இன்றைக்கும் அந்தச் சம்ப் மூடியைத் தாண்டும்போது எனக்குக் கால் கூசும்.

அப்புறம்தான் எல்லாவற்றையும் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். மூடிக் கிடக்கிற சம்ப்பில் சேறு அழுகும்போது உள்ளே இருக்கிற ஆக்ஸிஜனைத் தின்றுவிடும். விஷ வாயுவும் உண்டாகும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிற வாயு அளவு மீறினால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. அதனால் "நாத்தம் இல்லையே" என்று நம்பக் கூடாது. மெழுகுவர்த்தி இறக்கிப் பார்ப்பதையும் நம்பக் கூடாது, விஷ வாயுவை அது காட்டாது. பிளீச்சிங் பவுடரில் இருந்து வரும் குளோரின் காற்றைவிடக் கனமானது. அடியிலேயே தேங்கும். இது செப்டிக் டேங்குக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். குடிக்கிற தண்ணீர்ச் சம்ப்பிலும் இப்படி உயிர் போகிறது. ஈரத்தில் மோட்டார் கரண்ட் அடித்தும் போகிறது.

யாராவது உள்ளே மயங்கி விழுந்தால், காப்பாற்றப் பின்னாலேயே குதிக்கிறார்கள். அப்பன், மகன், பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒருவர் பின் ஒருவராக விழுவது இப்படித்தான். இறங்காதீர்கள். 101-க்கும் 108-க்கும் போன் செய்யுங்கள். எல்லா மூடியையும் திறந்து, மேலே இருந்து கயிறு போடுங்கள்.

அப்படியானால் சேற்றை எப்படி எடுப்பது? வெளியே நின்றே எடுக்கலாம். முதலில் சுவிட்சை மட்டும் நிறுத்தாமல் மெயினையே அணையுங்கள். சம்ப் தரைக்குக் கீழே இருப்பதால் ஓஸ் பைப் தானாக இழுக்காது. சேறு இழுக்கிற மோட்டாரை வாடகைக்கு எடுத்து, பைப்பை மட்டும் உள்ளே விட்டு இறைக்கலாம். பெட்ரோல், டீசலில் ஓடுகிற மோட்டார் என்றால் சம்ப் வாயில் வைக்காதீர்கள், புகை உள்ளே இறங்கும். மிச்சத்தை நீளக் கம்பில் கட்டிய ரப்பர் தள்ளுகட்டையால் மூடிக்கு நேர் கீழே தள்ளிச் சேர்த்து, கயிறு கட்டிய வாளியால் சேந்துங்கள். ஓஸ் பைப்பால் தண்ணீர் பீய்ச்சி மறுபடி சேந்துங்கள். கிணற்றில் சேந்திப் பழகிய கைகள்தானே நம்முடையது.

உள்ளே இறங்கியே ஆக வேண்டும் என்கிற நிலை வந்தால், காற்றைச் சோதிக்கும் கருவி, காற்று ஊதும் இயந்திரம், இடுப்புக் கயிறு, மேலே காவல் ஆள் எல்லாம் வைத்திருக்கிற பயிற்சி பெற்றவர்களைத்தான் கூப்பிட வேண்டும். நூறு ரூபாய்க்கும் ஒரு குவார்ட்டருக்கும் யாரையாவது இறக்கக் கூடாது. அவனுக்கும் வீட்டில் ஒரு பெண்டாட்டி குழுவில் சந்தா கட்டிக்கொண்டிருப்பாள்.

புதுசாகச் சம்ப் கட்டுகிறவர்கள் கொத்தனாரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தரையைச் சாய்வாகப் பூசி, மூடிக்கு நேர் கீழே ஒரு சின்னக் குழி வைக்கட்டும். சேறு தானாக அங்கே வந்து சேரும். ஃபுட் வால்வு அந்தக் குழிக்குள் இல்லாமல், அடியில் இருந்து அரையடி மேலே இருக்கட்டும்.

பிளீச்சிங் பவுடர் எவ்வளவு?

கழுவிய பிறகுதான் மருந்து. பவுடரை நேராகக் கொட்டாதீர்கள். பிளாஸ்டிக் வாளியில் கரைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். சுண்ணாம்பு அடியில் படியும். தெளிந்த தண்ணீரை மட்டும் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் நாமே புது மண்டியை உள்ளே போட்டதாகும்.

மாடித் தொட்டிக்கு: 20 லிட்டர் வாளிக்கு 15 முதல் 20 கிராம், அதாவது நாலு டீஸ்பூன் அளவு. இந்தத் தண்ணீரைச் சுவரிலும் அடியிலும் பிரஷ்ஷால் தடவி, அரை மணி நேரம் விட்டு, நல்ல தண்ணீரால் அலசுங்கள்.

வெள்ளம் புகுந்த சம்ப்புக்கு: 1000 லிட்டருக்கு 200 கிராம். கரைத்து வெளியே இருந்தே ஊற்றி, தண்ணீர் நிரப்பி, ஒரு நாள் முழுக்க மூடி வையுங்கள். பிறகு முழுசாக இறைத்து அலசுங்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ, குளிக்கவோ, மாட்டுக்குக் காட்டவோ கூடாது. சம்ப்பின் கொள்ளளவு தெரியாதவர்கள் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, அதை 28-ஆல் பெருக்குங்கள். லிட்டர் வந்துவிடும்.

தினப்படி புழங்கும் தண்ணீருக்கு: 1000 லிட்டருக்கு 4 கிராம், ஒரு டீஸ்பூன். ஒரு மணி நேரம் கழித்துப் புழங்கலாம். குடிப்பதற்குக் காய்ச்சி ஆற வைத்ததே நல்லது.

பவுடர் காற்றுப் புகாத டப்பாவில் இருக்க வேண்டும். வாசனை போய்விட்டால் வீரியமும் போய்விட்டது என்று அர்த்தம். கழிவறைக்கு ஊற்றுகிற ஆசிட்டோடு எந்தக் காரணத்துக்கும் கலக்காதீர்கள், விஷ வாயு கிளம்பும்.

நாம் செய்ய வேண்டியது

அந்தக் காலத்தில் ஏரியையும் குளத்தையும் தூர் வார ஊரே சேர்ந்து இறங்கியது. ஒரு வீட்டு வேலையாக யாரும் அதை நினைக்கவில்லை. நம் தொட்டியும் ஒரு குட்டி ஏரிதான். தனியாக ஒருத்தி செய்தால் ஒத்திப் போடுவாள். பத்துப் பேர் சேர்ந்தால் நடந்துவிடும்.

எனவே ஒவ்வொரு குழுவுக்கும் என் வேண்டுகோள் இது. அடுத்த கூட்டத்தில் தீர்மானம் எழுதுங்கள். குழுப் பணத்தில் ஒரு நீள ஓஸ் பைப், ஒரு நைலான் பிரஷ், ஒரு தள்ளுகட்டை, ஒரு வாளி, கயிறு வாங்கி வையுங்கள். சில நூறு ரூபாய்தான் ஆகும். மாதம் இரண்டு வீடு என்று முறை வையுங்கள். எப்போதும் இரண்டு பேராகச் செய்யுங்கள். ஊக்குநர் ஒரு நோட்டில் தேதி எழுதட்டும். ஐப்பசி மழைக்கு முன் ஒரு சுற்று, மழை விட்ட பிறகு ஒரு சுற்று. அங்கன்வாடித் தொட்டியை மறக்காதீர்கள், அதில் நம் பிள்ளைகள்தான் தண்ணீர் குடிக்கிறார்கள்.

தீர்மானத்தின் முதல் வரி மட்டும் நான் சொல்கிறேன், அப்படியே எழுதிக் கொள்ளுங்கள்: "எங்கள் குழு உறுப்பினர் வீட்டுச் சம்ப்புக்குள் யாரையும் இறக்க மாட்டோம்." மற்ற வரிகளை நீங்களே எழுதுங்கள்.

அடுத்த மாதம் வரும்போது ஆளுக்கு ஒரு பாட்டில் கொண்டு வாருங்கள், தொட்டியின் அடியில் இருந்து எடுத்தது. எல்லாவற்றையும் இந்த மேசையில் வரிசையாக வைத்துக் குலுக்கிப் பார்ப்போம். எந்தக் குழுவின் பாட்டில் கலங்காமல் இருக்கிறதோ, அந்தக் குழுவுக்கு எல்லோரும் கை தட்டுவோம்.